வெளியிலிருந்து வரும் கை

திருகோணமலையில் கோணேசரைக் கும்பிடப் போகிறவர் முதலில் ஒரு கோட்டை வாசலைத் தாண்ட வேண்டும். வாசற்சுவரில் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் செதுக்கிய கல் ஒன்று இருக்கிறது. குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டிய கோயிலைப் பறங்கியர் உடைப்பார்கள், அவர்களுக்குப் பிறகு இன்னின்னார் வந்து ஆள்வார்கள் என்று முன்கூட்டியே சொன்ன செய்யுளின் மிச்சம் அது என்பார்கள் எங்கள் ஊரில். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. ஒரு நல்ல இயற்கைத் துறைமுகம் இருந்த பாவத்துக்கு எங்கள் ஊர் முந்நூறு ஆண்டு பிறர் சண்டைகளைச் சுமந்தது. பிறகு எங்கள் உள்நாட்டுச் சண்டை வந்தது.

இந்த மலையின் அடியில், 1956இல், ஓர் ஆங்கிலேயர் சுவாசக் கருவி பூட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். கூட ஒரு புகைப்படக்காரர். இருவரும் செங்குத்துப் பாறையின் கீழே செதுக்கிய தூண்களையும் கட்டடக் கற்களையும் கண்டார்கள். இடிக்கப்பட்ட பழைய கோயிலின் துண்டுகள். இறங்கியவர் ஆர்தர் சி. கிளார்க். புகைப்படக்காரர் மைக் வில்சன், பிற்காலத்தில் காவி கட்டி சுவாமி சிவ கல்கி என்று பெயர் வைத்துக்கொண்டவர். வில்சன் கடலடியில் கண்டெடுத்த லிங்கம் இன்று மீண்டும் எழுந்த கோயிலில் இருக்கிறது. கிளார்க் அடுத்த வருடமே இதையெல்லாம் 'தி ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற நூலில் எழுதினார்.

நான் இந்த ஊரில் பிறந்து, இங்கேயே பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். புவியிணைச் சுற்றுப்பாதைப் பாடம் வரும்போதெல்லாம், 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் அதைத் தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியவர் நம் கோயிலடிக் கடலில் மூழ்கிய அதே மனிதர் என்று சொல்லாமல் விட்டதில்லை. பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் கிளார்க்கிடம் நான் திரும்பத் திரும்பப் போனதற்குக் காரணம் செயற்கைக்கோள் கிடையாது. மனிதர் போரைக் கடந்து போவார்களா என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தக் கேள்வியோடு அவர் குடியேறிய தீவில்தான் நாங்களும் இருந்தோம்.

அவர் இங்கே வரும்போதே அதற்கு ஒரு பதில் எழுதிவிட்டுத்தான் வந்தார். 1953இல் வெளிவந்த 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' நாவலில், அமெரிக்காவும் ரஷ்யாவும் நிலவுக்குப் போட்டியிடும் வேளையில் உலகின் பெருநகரங்களுக்கு மேலே மாபெரும் கப்பல்கள் வந்து நிற்கின்றன. வந்தவர்கள் யாரையும் தாக்கவில்லை. ஒரு நாடு துணிந்து அணுகுண்டு ஏவுகணை ஒன்றை அனுப்புகிறது. ஒன்றும் நடக்கவில்லை, பதிலடியும் இல்லை. அந்த அசட்டையில் மனிதரின் போர்க்குணம் நொறுங்கிவிடுகிறது. சில தலைமுறைக்குள் பூமி ஒரே நாடாகிறது. பசி இல்லை, படை இல்லை. விலை மெல்லத் தெரியவருகிறது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லாமல் அறிவியல் தேங்குகிறது, கலை சோர்கிறது. கடைசியில் பிள்ளைகள் பெற்றோருக்குப் புரியாத வேறொன்றாக மாறிப் போய்விடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் ரேடார்ப் பிரிவில் வேலை செய்த இளைஞர் எழுதிய கதை இது. போர் நிற்பதற்கு அவர் தேடிய வழி, மனிதருக்கு மேலே ஒரு கை.

அந்தக் கையை அவர் புதிதாகச் செய்யவில்லை. 1914இல், முதல் உலகப் போர் தொடங்கிய அதே வருடத்தில், எச். ஜி. வெல்ஸ் 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' என்ற நாவலை வெளியிட்டார். 'அணுகுண்டு' என்ற பேச்சு அச்சில் பரவியது அந்த நூலிலிருந்துதான். அவருடைய குண்டைப் போர்வீரன் விமானத்திலிருந்து கையால் தூக்கிப் போடுகிறான்; அது ஒரு தடவை வெடித்து அடங்காமல் நாட்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கிறது. உலகத்து நகரங்கள் எரிந்த பிறகு, மிஞ்சிய அரசர்களும் தலைவர்களும் பிரிசாகோ என்ற ஏரிக்கரை ஊரில் கூடி, முடிகளைத் துறந்து உலகக் குடியரசை அமைக்கிறார்கள். வெல்ஸின் கணக்கு எளிமையானது: ஆயுதம் தாங்க முடியாத அளவுக்குப் பெரிதானால் புத்தி வரும்.

இந்தப் புத்தகத்துக்கு நேர்ந்தது அறிவியல் புனைகதையின் வரலாற்றிலேயே விசித்திரமானது. லியோ சிலார்ட் என்ற ஹங்கேரியப் பௌதிகவியலாளர் 1932இல் பேர்லினில் இதைப் படித்தார். ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியை விட்டு ஓடி லண்டன் சேர்ந்தார். 1933 செப்டம்பரில், சவுத்தாம்ப்டன் ரோ என்ற தெருவைக் கடக்கும்போது, ஒரு நியூட்ரோன் இரண்டை வெளிவிடக்கூடிய தனிமம் கிடைத்தால் தொடர்வினை சாத்தியம் என்று அவருக்குத் தோன்றியது. 1934இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வெல்ஸைப் படித்திருந்ததால் அதன் பொருள் என்னவென்று அவருக்கு அப்போதே தெரியும்; அதனால் காப்புரிமை இரகசியமாக இருக்கட்டும் என்று பிரித்தானியக் கடற்படைத் தலைமையிடம் ஒப்படைத்தார். 1939இல் அணுகுண்டைப் பற்றி ரூஸ்வெல்ட்டுக்கு ஐன்ஸ்டைன் அனுப்பிய கடிதத்தின் பின்னால் இருந்தவரும் இவர்தான். 1945 ஜூலையில், ஜப்பான்மேல் குண்டைப் போட அவசரப்படாதீர்கள் என்று சக விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கியவரும் இவர்தான். அந்த மனு ஜனாதிபதியின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

அந்த மனிதர் பிறகு ஒரு புனைகதை எழுதினார் என்பதைத் தமிழில் யாரும் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. 1961இல் வந்த 'தி வாய்ஸ் ஒஃப் தி டொல்ஃபின்ஸ்'. அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து வியன்னாவில் ஓர் உயிரியல் ஆய்வு நிலையம் தொடங்குகின்றன. அங்கே டொல்பின்களோடு பேசும் வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். டொல்பின்கள் மனிதரைவிடக் கூர்மையான அறிவுடையவை. அவற்றின் ஆலோசனை படிப்படியாக உலகத்தை ஆயுதக் களைவுக்குக் கொண்டுவருகிறது. கதை முடியும் இடத்தில் ஒரு சந்தேகம் எழுகிறது. டொல்பின்கள் உண்மையிலேயே பேசினவா? அந்த நிலையத்தின் விஞ்ஞானிகளே தங்கள் யோசனைகளை டொல்பின்களின் பெயரில் சொன்னார்களா?

எனக்கு இந்த இடம் மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. அணுகுண்டுக்கு வழி திறந்தவர், அதைத் தடுக்கப் பார்த்துத் தோற்றவர், மனிதன் சொன்னால் மனிதன் கேட்கமாட்டான் என்று அறிந்தவர். யோசனை மனிதருடையது, முகம் மட்டும் வேறொன்றினுடையது. கிளார்க்கின் கப்பல்களுக்கும் 1951இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டூட் ஸ்டில்' படத்தில் சமாதானக் காவலனாக வரும் கோர்ட் என்ற ரோபோவுக்கும் அடியில் ஒளிந்திருப்பதைச் சிலார்ட் வெளியே எடுத்து வைத்துவிட்டார். நமக்கு வேண்டியது புதிய அறிவு கிடையாது. நம்மில் ஒருவனுக்கு மற்றவன் பணிந்ததாகத் தெரியாமல் பணிய ஒரு வழி வேண்டியிருந்தது.

ஆனால் இந்தக் கதைகளை எழுதியவர்கள் எல்லோரும் சமாதானக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. 1968 ஜூன் மாத 'கேலக்ஸி' இதழைத் திறந்தால் எதிரெதிரே இரண்டு விளம்பரங்கள். ஒன்று, வியட்நாமில் அமெரிக்கா இருந்தே ஆக வேண்டும் என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர் எழுபதுக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டது. ரொபர்ட் ஹைன்லைன், போல் அண்டர்சன், லாரி நிவென், ஜோன் கேம்பெல். மற்றது, அந்தப் போரில் அமெரிக்கா பங்கேற்பதை எதிர்த்து எண்பதுக்கு மேற்பட்டோர். அசிமோவ், ரே பிராட்பரி, பிலிப் கே. டிக், அர்சுலா லெ குயின். எதிர்ப்பு விளம்பரத்துக்குப் பெயர் சேர்த்தவர்கள் ஜூடித் மெரில், கேட் வில்ஹெல்ம் என்ற இரு பெண்கள். மெரில் அதே வருடம் அமெரிக்காவை விட்டே கனடாவுக்குப் போய்விட்டார். மனித இனம் ஒன்றாகி நட்சத்திரங்களுக்குப் போகும் என்று மாதாமாதம் எழுதிய கைகள், கண்ணெதிரே நடந்த ஒரு போரைப் பற்றிக் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்து நின்றன. அவரவர் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. பிராட்பரியைப் பிடித்தவனுக்கு ஹைன்லைனையும் பிடித்திருக்கும், நான் அப்படித்தான்.

அந்தப் போரிலிருந்து திரும்பிய ஒருவர் பின்பு எழுதியதுதான் நான் படித்ததிலேயே நேர்மையான போர் நாவல். ஜோ ஹோல்டேமன் வியட்நாமில் பொறியியல் பிரிவுச் சிப்பாயாக இருந்து காயப்பட்டவர். 1974இல் வந்த 'தி ஃபொரெவர் வோர்' நாவலில் சார்பியல் விளைவால் வீரனுக்குச் சில வருடம் கழியும்போது ஊரில் நூற்றாண்டுகள் கழிகின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேல் நீண்ட போர் எப்படித் தொடங்கியது என்று கடைசியில் பார்த்தால், எதிரி தொடங்கவே இல்லை. இரு தரப்பும் பேச முடிந்த நாளில்தான் அது தெரியவருகிறது. அந்த நாவலில் நாகரிகம் வளர்ந்துகொண்டே போகிறது, போரும் கூடவே போகிறது.

கிளார்க் அந்த வியட்நாம் விளம்பரங்களில் இல்லை. அவர் அமெரிக்கர் இல்லையே. அவருக்கு வேறொரு நாள் வந்தது. 1983 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி றீகன் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவித்தார். 'நட்சத்திரப் போர்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்த திட்டம். அதற்காக வாதாடியவர்களில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜெரி பூர்னெல் கூட்டிய ஒரு குழுவும் உண்டு. அவர்கள் கூடியது கலிபோர்னியாவில் லாரி நிவெனின் வீட்டில். 1984இல் கிளார்க் அந்த வீட்டுக்குப் போனபோது, திட்டம் பலிக்காது என்று எழுதியிருந்த அவர்மேல் ஹைன்லைன் சீறிவிழுந்தார். அமெரிக்காவின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வெளிநாட்டவனுக்கு உரிமை இல்லை என்பது அவர் வாதம். இருவருக்கும் நீண்டகால நட்பு. அன்றைக்குப் பிறகு அது பழையபடி ஆகவில்லை. வெளியிலிருந்து வந்தவன் சொல்லை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை, வெளியாட்கள் வந்து பூமியைத் திருத்தும் கதை எழுதியவர் ஒரு வரவேற்பறையில் நின்று அறிந்தார்.

இனி எங்கள் பக்கம். 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தான காலம். சோதனைச் சாவடிகள் தளர்ந்தன, கொழும்புக்குப் பிள்ளைகள் பயமில்லாமல் போய்வந்தார்கள். அப்போது உயர்தர வகுப்பில் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' கதையைச் சொன்னேன். முன்வாங்கில் இருந்த ஒரு பெடியன் கேட்டான்: "சேர், அப்பிடி ஆரும் மேலயிருந்து வந்தா எங்கட சண்டையும் நிக்குமோ?"

நான் வாய் திறப்பதற்கு முன் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை சொன்னாள்: "வந்தவைதானே. சமாதானப் படை எண்டுதானே பேரும் வச்சவை. அம்மா சொல்லுவா."

வகுப்பு அடங்கிப்போயிற்று. அவள் சொன்னது சரி. 1987 ஜூலை 29ஆம் தேதி இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்தடுத்த நாட்களில் இந்திய அமைதி காக்கும் படை வந்து இறங்கியபோது மாலை போட்டவர்கள் நாங்கள். அக்டோபரில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டுவிட்டது. ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் இந்த மண்ணில் இறந்தார்கள்; அந்த எண்ணுக்குள் எங்கள் சனம் அடங்காது. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் புறப்பட்டது எங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்துதான். ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர் தொடங்கியது. எங்கள் தெருவே காலியானது. நாங்களும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனோம்.

1990ஆம் வருடத்தைப் பற்றி எனக்கு மறக்க முடியாத இன்னொரு செய்தி உண்டு. பனிப்போர் தணிந்துகொண்டிருந்த வேளையில் கிளார்க் தம் நாவலின் முதல் அத்தியாயத்தை மாற்றி எழுதி, அது அந்த வருடப் பதிப்பில் வந்தது. நிலவுக்கு அமெரிக்கரும் ரஷ்யரும் போட்டியிடும் பழைய தொடக்கம் போய், இருவரும் சேர்ந்து செவ்வாய்க்குப் போகத் தயாராகும் தொடக்கம் வந்தது. உலகத்தின் பெரிய போட்டி முடிந்தது என்று அந்தத் திருத்தம் சொன்னது. அது எழுதப்பட்ட தீவிலோ போரின் அடுத்த அத்தியாயம் தொடங்கியிருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெரிய அரசுகள் ஓய்ந்தால் போர் ஓய்ந்துவிடும் என்று அந்நாளில் உலகமே நம்பியது.

வெளியிலிருந்து கை வராத கதைகளும் இருக்கின்றன. நான் படித்தவற்றில் மிகப் பழையது 1905இல் சென்னையில் அச்சானது. ரங்பூரில் பிறந்த ரொக்கேயா ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாஸ் ட்ரீம்', கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வந்தது. வெல்ஸின் அணுகுண்டுக்கு ஒன்பது வருடம் முன்பு. பெண்கள் ஆளும் அந்த நாட்டுக்கு ஒரு போர் வந்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? பக்கத்து நாட்டிலிருந்து தஞ்சம் புகுந்தவர்களைத் திருப்பித் தர அரசி மறுத்துவிட்டாள். ஆண்களின் படை தோற்றது. பல்கலைக்கழகத் தலைவி மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய், சூரிய வெப்பத்தைக் குவித்து எதிரியை விரட்டினாள். பிறகு அந்த நாட்டில் படை இல்லை. பிறர் மண்ணுக்கு ஆசைப்படுவதில்லை என்று அரசியே சொல்கிறாள். ஆனால் ஆண்கள் எல்லாரும் அந்தப்புரத்துக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பர்தாவுக்குள் வளர்ந்த பெண் அப்படி எழுதியதன் நியாயம் எனக்கு விளங்குகிறது. அகதியைக் காட்டிக்கொடுக்காததில் கதை தொடங்குவதும் என்னை ஒவ்வொரு தடவையும் நிறுத்துகிறது. தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் வருடக்கணக்காக இருந்துவிட்டு வந்த உறவுகள் எங்களில் பலருக்கு உண்டு.

மற்றது லெ குயின். 1969இல் வந்த 'தி லெஃப்ட் ஹேண்ட் ஒஃப் டார்க்னஸ்' நாவலின் கெத்தன் என்ற கோளில் போர் இல்லை. கொலை உண்டு, பழிவாங்கல் உண்டு, எல்லையில் திடீர்த் தாக்குதல்கள் உண்டு. படை திரட்டி நாடு நாட்டோடு மோதுவது மட்டும் அங்கே நடந்ததில்லை. காரணம் உடலா, ஓயாத பனியா என்று வெளியிலிருந்து வந்தவர்கள் ஆராய்கிறார்கள். கதை சொல்பவன் ஆயுதத்தோடு வரவில்லை, தனியாக, தூதனாக வந்திருக்கிறான். அங்கே பழைய மன்னராட்சி கார்ஹைட். அதன் அண்டை நாடு ஓர்கொரெய்ன், கோப்புகளும் அடையாள அட்டைகளும் தடுப்பு முகாம்களும் உள்ள ஒழுங்கான நவீன அரசு. ஒரு பள்ளத்தாக்கு யாருக்கு என்ற வழக்கில் இரண்டும் மெல்ல மெல்லப் போரைக் கற்றுக்கொள்ளும் நிலைக்கு வருகின்றன. நாகரிகம் முதிர்ந்தால் போர் உதிரும் என்று வெல்ஸ் முதல் பலரும் எண்ணியதை லெ குயின் தலைகீழாக்கினார். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வளர்ந்த எனக்கு, அந்த நாவலில் பனிப்பாறைகளைவிட ஓர்கொரெய்னின் அலுவலகங்கள்தான் நெருக்கமாகத் தெரிந்தன.

கிளார்க் 1956இலிருந்து கொழும்பில் இருந்தார். போர்க்காலத்திலும் இருந்தார், போயிருக்கலாம், போகவில்லை. 2007 டிசம்பரில் தொண்ணூறு வயது நிறைந்தபோது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காணொளிச் செய்தி பதிவுசெய்தார். மூன்று ஆசைகள் சொன்னார். பூமிக்கு வெளியே உயிர் இருப்பதற்கு ஓர் ஆதாரம் கிடைக்க வேண்டும். எண்ணெயை நம்பியிருப்பதை உலகம் விட வேண்டும். தாம் வாழப்போன இலங்கையில் நிலைத்த சமாதானம் வேண்டும். அந்தச் சமாதானம் விரும்பினால் மட்டும் வராது, கடும் உழைப்பும் துணிவும் விடாமுயற்சியும் அதற்குத் தேவை என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்தச் செய்தியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 1953இல் அவருக்கு வேற்றுலகத்தாரும் சமாதானமும் ஒரே ஆசை. அவர்கள் வந்தால் இது வரும். தொண்ணூறாவது வயதில் அவற்றை முதலாவது, மூன்றாவது என்று பிரித்து வைத்தார். வேற்றுலகத்தார் இருந்தால் நல்லது, அறிய ஆசை. எங்கள் சண்டையை நிறுத்தும் வேலையை அவர்களிடம் அவர் கொடுக்கவில்லை, எங்களிடமே விட்டார்.

2008 ஜனவரி 16ஆம் தேதி போர்நிறுத்த உடன்படிக்கை முறைப்படி முடிவுக்கு வந்தது. மார்ச் 19ஆம் தேதி கிளார்க் இறந்தார். தம் அடக்கத்தில் எந்த மதச் சடங்கும் கூடாது என்று எழுதி வைத்திருந்தார், கொழும்பில் அப்படியே அடக்கம் செய்தார்கள். அடுத்த வருடம் மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ஒரு தரப்பு அழிந்து முடிந்த அந்த முடிவை, தொண்ணூறு வயதுக் கிழவர் கேட்ட சமாதானம் என்று என்னால் இன்றுவரை எந்த வகுப்பிலும் சொல்ல முடிந்ததில்லை.